பட்டினப்பாக்கத்து அடுப்பும் ஜவ்வாது மலைச் சாமையும்

சென்னைப் பட்டணத்தில் கோதுமை சேராத ரொட்டிக்கு இப்போது ஒரு கிராக்கி ஏற்பட்டிருக்கிறது. மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் கடைகளில் "குளூட்டன் இல்லாதது" என்று அச்சிட்ட மாவுப் பாக்கெட்டுகளைக் காணலாம். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே இருப்பவை அரிசி மாவு, கேழ்வரகு மாவு, சோள மாவு, மரவள்ளி ஸ்டார்ச் போன்றவைதான். இவற்றில் எதுவும் நம் விவசாயிக்குப் புதிதல்ல. பாதிக்கு மேல் மானாவாரிக் காட்டில் விளைபவை. ஆனால் காட்டில் விற்ற விலைக்கும் கடையில் வாங்கும் விலைக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம் இருக்கிறது.

இந்த வித்தியாசத்தில் ஒரு நியாயமான பங்கைக் குறு விவசாயி பெற முடியுமா? முடியும் என்பதே என் கருத்து. அதற்குப் புது விதை வேண்டாம், புது உரமும் வேண்டாம். கோதுமையே உள்ளே நுழையாத ஓர் அரவை மில் நம் ஊரில் வேண்டும். ஏன் என்பதை விளக்குகிறேன்.

கோதுமையில் என்ன இருக்கிறது?

கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ரப்பர் போல இழுபடும். பரோட்டா மாஸ்டர் மைதாவை வீசி விரிப்பதும், ரொட்டி பஞ்சு போல உப்பி நிற்பதும் இந்தக் குணத்தினால்தான். இதற்குக் காரணமான புரதத்தையே குளூட்டன் என்கிறார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களில் இது உண்டு. நெல், சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு, மக்காச்சோளம் ஆகிய எதிலும் இல்லை.

பெரும்பாலோருக்குக் குளூட்டன் ஒரு கெடுதலும் செய்வதில்லை. ஆனால் சிலருடைய உடம்பு இதை எதிரியாக எண்ணிப் போரிடுகிறது. அந்தப் போரில் சிறுகுடலின் உள்சுவர் பாழாகிறது. சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாமல் போகிறது. வயிற்றுப்போக்கு, வயிறு உப்பல், தீராத இரத்தசோகை, எலும்பு பலவீனம், குழந்தைகளானால் வளர்ச்சி தடைப்படுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இதற்குச் சீலியாக் நோய் என்று பெயர்.

ஹாலந்து நாட்டில் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இதன் மூலகாரணத்தைக் கண்டறிந்தார். கோதுமையின் மேல் அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. இரண்டாவது உலகப் போரின்போது, 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் கடும் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் பட்டினியில் வாட, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். போர் முடிந்து ரொட்டி திரும்பி வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்பியது. 1950-ல் டிக்கே தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். இன்றளவும் இந்த நோய்க்கு உள்ள ஒரே சிகிச்சை, ஆயுள் முழுவதும் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றை அடியோடு விலக்குவதுதான்.

நம் பக்கத்தில் எத்தனை பேர்?

சப்பாத்தி தின்னும் வடக்கத்தியாருக்கு வரும் நோய், நமக்கென்ன என்று கேட்கலாம். வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்து 2016-ல் ஓர் ஆய்வு வெளியானது. தென்பகுதியின் பரிசோதனை வேலூரை மையமாகக் கொண்டு நடந்தது. வடக்கே நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவிலும் நோய் இருப்பதாக அதில் தெரிந்தது.

கவனிக்க வேண்டிய விஷயம் வேறு ஒன்றும் அந்த ஆய்வில் இருக்கிறது. இந்த நோய் வருவதற்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு மேல் காணப்பட்டது. வித்தியாசம் சாப்பாட்டில்தான். வடக்கே ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கே 25 கிராம்தான் சாப்பிட்டார். நம்மைக் காத்து நின்றது நம் சோறும் களியும் என்று எண்ண இடமிருக்கிறது. இன்றோ பட்டணத்தில் இரவுக்குச் சப்பாத்தி வழக்கமாகிவிட்டது. பரோட்டா இல்லாத தெரு இல்லை. கோதுமை கூடக்கூட நோயும் கூடலாம் என்று மருத்துவர்கள் எதிர்பார்ப்பதில் வியப்பில்லை.

ஆயிரத்துக்கு ஒருவர் என்றாலும் தொகை சிறிதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். அதே விகிதத்தைப் போட்டால் 70,000-க்கு மேல் வருகிறது. இவர்களில் பலர் தமக்கு என்ன நோய் என்று அறியாமலே இரத்தசோகைக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்கள். சென்னையில் வந்து குடியேறிய வட இந்தியக் குடும்பங்களும் ஏராளம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வயிறு சரியில்லை என்றதும் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இரத்தப் பரிசோதனை செய்தால்தான் நோய் இருப்பது தெரியும். நிறுத்திய பிறகு செய்தால் விடை தவறாக வரலாம். முதலில் டாக்டரிடம் போக வேண்டும்.

வீட்டில் ரொட்டி செய்யும் விதம்

பட்டினப்பாக்கத்தில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளி போகும் பிள்ளைக்கு இந்த நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு என்று கோதுமை இல்லாத பலகாரம் நமக்குப் பஞ்சமில்லை. அந்த வகையில் தமிழ்ப் பிள்ளை கொடுத்து வைத்த பிள்ளை. ஆனால் பக்கத்துப் பிள்ளை ரொட்டியில் ஜாம் தடவிக் கொண்டுவந்தால் இதுவும் கேட்கத்தான் செய்யும். கடையில் விற்கும் குளூட்டன் இல்லாத ரொட்டி எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே தாயார் வீட்டிலேயே செய்கிறார்.

அளவு இது: அரிசி மாவு 150 கிராம், கேழ்வரகு மாவு 100 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 100 கிராம், இசப்கோல் உமி 20 கிராம், உலர்ந்த ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை ஒரு மேஜைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் இரண்டு மேஜைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 380 மில்லி.

தண்ணீரில் கால் பங்கை எடுத்துச் சர்க்கரையையும் ஈஸ்ட்டையும் கரைத்துப் பத்து நிமிஷம் வைத்தால் நுரைத்து வரும். மீதித் தண்ணீரில் இசப்கோலைப் போட்டுக் கலக்கி வைத்தால் பத்து நிமிஷத்தில் கூழ் போல் இறுகும். இந்தக் கூழ்தான் குளூட்டன் செய்யும் வேலையை இங்கே செய்கிறது. ஈஸ்ட் விடும் காற்றை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கலக்க வேண்டும். சப்பாத்தி மாவு போல் உருட்ட வராது. வடை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கும்.

எண்ணெய் தடவிய தகரத்தில் இட்டு, ஈரக் கையால் தடவிச் சமப்படுத்தி, மூடி வைக்க வேண்டும். பட்டினப்பாக்கம் போன்ற கடலோரத்து வெக்கையில் முக்கால் மணி நேரத்தில் மாவு ஒன்றரை மடங்கு எழும்பிவிடும். அதற்கு மேல் விட்டால் புளித்து, அடுப்பில் அமுங்கிவிடும். 200 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வேக வேண்டும். அடுப்புப் பெட்டி இல்லாதவர்கள் குக்கரில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, ரப்பரும் வெயிட்டும் போடாமல் சிறு தீயில் வேகவைக்கலாம். ஊசியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். முழுவதும் ஆறிய பிறகே அறுக்க வேண்டும். சூட்டில் அறுத்தால் உள்ளே பிசுபிசுக்கும்.

அரிசி மாவும் ஸ்டார்ச்சும் மட்டும் போட்டாலும் ரொட்டி வரும். ஆனால் அதில் சத்தில்லை. குடல் பாழாகி எலும்பு வலுவிழந்த பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்து அதிகம் தேவை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. வேறு எந்தத் தானியமும் இதற்கு அருகில் வராது. கேழ்வரகுக்குப் பதில் தினை மாவோ சாமை மாவோ போட்டால் நிறம் வெளுப்பாக இருக்கும்.

இந்த ரொட்டியில் எதெது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கேழ்வரகு கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்தும், சாமை ஜவ்வாது மலை, கொல்லிமலையிலிருந்தும், மரவள்ளி சேலம், நாமக்கல்லிலிருந்தும் வரலாம். இசப்கோல் ஒன்றுதான் குஜராத், ராஜஸ்தானத்துச் சரக்கு. பட்டினப்பாக்கத்து அடுப்பில் வேகும் ரொட்டி நம் மானாவாரிப் பயிர்களின் ரொட்டி.

கெடுவது மில்லில்தான்

இவ்வளவு பாடுபட்டும் பிள்ளைக்கு வயிற்று உபத்திரவம் நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். எங்கே தவறு? பெரும்பாலும் தெருக்கோடி மாவு மில்லில்.

அந்த வீட்டில் கேழ்வரகை வாங்கிக் கழுவி, மாடியில் உலர்த்தி, டப்பாவில் போட்டு மில்லுக்கு அனுப்புகிறார்கள். மில்காரர் முன்னதாக ஒருவருடைய ரேஷன் கோதுமையை அரைத்திருக்கிறார். கல்லின் இடுக்கிலும், துணிக் குழாயிலும், தொட்டியிலும் கோதுமை மாவு ஒட்டியிருக்கிறது. அதன் மேலேயே கேழ்வரகு விழுகிறது. மிளகாய் அரைத்த பின் மாவு அரைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். காரமும் வாசனையும் காட்டிக் கொடுத்துவிடும். கோதுமை அப்படிக் காட்டிக் கொடுப்பதில்லை. ஆகவே யாரும் கேட்பதும் இல்லை.

எவ்வளவு கலந்தால் கெடுதல்? மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன். கணக்குப் போட்டால் ஒரு கிலோ கேழ்வரகு மாவில் 0.2 கிராம் கோதுமை மாவு விழுந்தாலே எல்லையைத் தொட்டுவிடும். 0.2 கிராம் என்பது ஒரு சிட்டிகைகூட அல்ல. மில்லில் கல்லைத் துடைத்தாலும் அதைவிட அதிகம் ஒட்டியிருக்கும்.

மில் மட்டுமல்ல. கோதுமை வந்த கோணியில் சாமையைக் கட்டினாலும் இதே கதிதான். கோதுமை மாவு சலித்த சல்லடை, மைதா நிறுத்த தராசுத் தட்டு, கடைக்காரரின் அளவுக் கரண்டி எல்லாம் குற்றவாளிகளே. சத்து மாவு என்று விற்பதில் வறுத்த கோதுமையும் பார்லியும் சேர்ப்பது வழக்கம். கூட்டுப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலப்பது உண்டு. இந்த வீட்டுத் தாயார் பெருங்காய டப்பாவின் சீட்டைக்கூடப் படித்துப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆக, இந்த வாடிக்கைக்காரர் தேடுவது வெறும் கேழ்வரகையல்ல. கேழ்வரகு எங்கும் கிடைக்கும். கோதுமை படவில்லை என்ற நம்பிக்கையைத்தான் அவர் தேடுகிறார். அதற்குத்தான் அதிக விலை கொடுக்கிறார்.

நமக்குள்ள சாதகம்

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் ஒரு விவசாயி இந்த நம்பிக்கையைக் கொடுப்பது கஷ்டம். அவருடைய வயல், அறுவடை இயந்திரம், களம், வண்டி, கிடங்கு எல்லாவற்றிலும் கோதுமை இருக்கிறது. நமக்கோ நீலகிரி, பழனி மலைப் பக்கம் சிறிதளவு தவிரக் கோதுமைச் சாகுபடியே இல்லை. ஜவ்வாது மலையில் சாமை விதைப்பவர் தம் காட்டில் கோதுமைச் செடியைக் கண்டிருக்க மாட்டார். விருத்தாசலம், பெரம்பலூர் பக்கத்து வரகும், மதுரை, விருதுநகர் கரிசலில் விளையும் குதிரைவாலியும் அப்படியே. காட்டிலிருந்து களம் வரை நம் தானியம் சுத்தம். அதற்குப் பின்னால்தான் அசுத்தப்படுகிறது. களத்துக்கும் பாக்கெட்டுக்கும் இடையே உள்ள அந்தத் தூரத்தை நாமே நடந்துவிட்டால் போதும்.

இன்னொரு சாதகம், சிறுதானிய மாவு நாள்பட நிற்காது. இதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். குறு விவசாயிக்கு இது நன்மை என்பேன். கம்பு மாவில் எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் ஓரிரு வாரத்திலேயே காறல் வாடை அடிக்கும். கடற்கரை வீடுகளில் உப்புக் காற்றுப் பட்டு எந்த மாவும் சீக்கிரம் ஈரம் இழுத்துக் கட்டி தட்டும். ஆகவே எங்கோ தொலைவில் அரைத்து, மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்த மாவைவிட, போன வாரம் திருவண்ணாமலை மாவட்டத்தில் அரைத்த மாவு பட்டினப்பாக்கத்துக்கு உசத்தி. அரைக் கிலோப் பையாக, பதினைந்து நாளுக்கு ஒரு முறை அரைத்து அனுப்புவது பெரிய கம்பெனிக்குத் தொல்லை. பத்துப் பதினைந்து விவசாயிகள் சேர்ந்த சங்கத்துக்கு அது கைவந்த வேலை.

இலாபம் எங்கே நிற்கிறது?

2025-26 பருவத்துக்குக் கேழ்வரகின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.4,886. கிலோ ரூ.49-க்குச் சற்றுக் குறைவு. சாமை, வரகு, தினை, குதிரைவாலிக்கு மத்திய அரசின் ஆதரவு விலையே கிடையாது. வியாபாரி களத்துக்கு வந்து சொன்னதுதான் விலை. கையில் காசில்லாத அறுவடைக் காலத்தில் அந்த விலைக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

நூறு கிலோச் சாமையை உமி நீக்கினால் அறுபது, அறுபத்தைந்து கிலோ அரிசி கிடைக்கும். உமி நீக்குவது, கல் பொறுக்குவது, அரைப்பது, சலிப்பது, பை கட்டுவது ஆகிய ஐந்து வேலைகளில்தான் விலை ஏறுகிறது. இந்த ஐந்தும் இன்று நம் ஊருக்கு வெளியே நடக்கின்றன. உமியும் தவிடும்கூட நம் மாட்டுக்கு மிஞ்சுவதில்லை. உங்கள் ஊர் வியாபாரி கொடுத்த விலையையும், பட்டணத்துக் கடையில் அதே தானிய மாவின் விலையையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நான் சொல்வது புரியும்.

இது நடக்காத காரியம் அல்ல. சென்னைத் தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியப் பயிர்களைக் காப்பாற்ற வேலை செய்து வந்திருக்கிறது. அங்கே சாமைப் பரப்புக் குறைந்து மரவள்ளி ஏறியதற்கு, சாமையை உரலில் குத்திப் புடைக்கும் கஷ்டமும் ஒரு காரணம். அந்தப் பாரம் முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் ஊருக்குள் வந்து, மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தத் தொடங்கியபோது சாமைக்கு மறுபடியும் மதிப்பு வந்தது. இயந்திரம் ஊருக்குள் இருந்தால் பயிர் காட்டில் நிற்கும் என்பதுதான் அதன் பாடம்.

ஆட்சேபணைகள் சில

இதெல்லாம் பணக்காரர் மோகம், நாளைக்கு மாறிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஓரளவு உண்மை. நோயில்லாத பலரும் நாகரிகத்துக்காக இந்த மாவை வாங்குகிறார்கள். அவர்களை நம்பிக் காடு முழுவதையும் மாற்ற வேண்டாம். ஆனால் சீலியாக் நோயாளிக்கு இது மோகம் அல்ல, மருந்து. மோகம் போனாலும் அவர் வாங்கத்தான் வேண்டும். மேலும் இந்தப் பயிர்கள் நம் வீட்டுக்குக் களியும் கூழுமாக உதவுபவை. பட்டணம் வாங்காத வருஷத்திலும் வீணாகாது. அதே மில்லில் அரைத்த கேழ்வரகை ஊராரே வாங்கிக்கொள்வார்கள்.

தனி மில் வைக்க யாரிடம் பணம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஒருவரிடமும் இல்லை என்பதால்தான் சேர்ந்து வைக்கச் சொல்கிறேன். புது மில்தான் வேண்டும் என்பதும் இல்லை. சிறுதானியத்துக்கென்று ஒரு கல்லை ஒதுக்கி, அதைத் தனி அறையில் வைத்து, கோதுமையை அந்த அறை வாசலுக்கே வரவிடாமல் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். சிறு உணவுத் தொழில்களுக்கு மூலதனத்தில் 35 சதவீத மானியம் தரும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று 2020-ல் வந்தது. அதுவோ அதன் வழி வந்த திட்டமோ தற்போது எந்த நிலையில் கிடைக்கும் என்பதை மாவட்டத் தொழில் மையத்திலும் வேளாண் விற்பனைத் துறை அலுவலகத்திலும் விசாரித்து அறியலாம்.

நோயாளியின் உயிரோடு விளையாடும் பொறுப்பு நமக்கேன் என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பரிசோதனைக் கூடத்தில் சோதித்துச் சான்று வாங்காமல் "குளூட்டன் இல்லாதது" என்று பையில் அச்சிடவே கூடாது. அது சட்டத்துக்கும் விரோதம், மனச்சாட்சிக்கும் விரோதம். சர்க்கரை நோய் போகும், புற்றுநோய் போகும் என்றெல்லாம் அளக்கவும் கூடாது. ஒரு பிள்ளை நம் மாவினால் படுக்கையில் விழுந்தால் பிறகு ஊர்ப் பெயரே கெடும்.

அரசு செய்ய வேண்டியது

ஒரு காலத்தில் கோதுமை ரொட்டியைப் பரப்ப அரசே கம்பெனி வைத்தது. 1956-ல் பி.எல். 480 ஒப்பந்தம் கையெழுத்தாகி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1965-ல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் என்ற ரொட்டிக் கம்பெனியைத் தொடங்கியது. 2000-ல் அதைத் தனியாருக்கு விற்கும் வரை அரசு ரொட்டி வீடு வீடாகப் போயிற்று. காய்ச்சல்காரருக்கு ரொட்டியும் பாலும் என்பது தமிழ் வீடுகளில் பத்தியமாகவே ஆகிவிட்டது. இங்கே விளையாத தானியத்துக்கு இவ்வளவு செய்ய முடிந்ததென்றால், இங்கே விளையும் தானியத்துக்கு ஏன் செய்யக் கூடாது?

2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினோம். அதே ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. நல்ல காரியம். திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் ஏ.டி.எல். 1 சாமை போன்ற ரகங்களைத் தந்திருக்கிறது. விதையும் வந்தது, விழாவும் வந்தது. ஊருக்கு மில்தான் வரவில்லை.

சிறுதானியம் விளையும் ஒவ்வொரு வட்டாரத்திலும் கோதுமை நுழையாத ஒரு பொது அரவை மில்லை அரசு அமைக்க வேண்டும். அதை விவசாயிகள் சங்கத்திடமோ மகளிர் குழுவிடமோ ஒப்படைக்க வேண்டும். மாவைச் சோதிக்கும் கட்டணத்தை முதல் சில வருஷங்களுக்காவது அரசே ஏற்க வேண்டும். சாமைக்கும் வரகுக்கும் தினைக்கும் ஆதரவு விலை நிர்ணயிக்க வேண்டும். சேலத்தில் 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு மரவள்ளி ஸ்டார்ச்சுக்கு ஒரு பொதுச் சந்தையை ஏற்படுத்தியது. அதுபோலச் சிறுதானிய மாவுக்கும் ஒரு பொதுச் சந்தை வேண்டும். இவை பெரிய செலவல்ல.

விவசாயி செய்ய வேண்டியது

அரசு வரட்டும் என்று காத்திராமல் இந்தப் பருவத்திலேயே செய்யக்கூடியவை சில உண்டு.

1. பத்துப் பேராவது சேருங்கள். உங்கள் பக்கத்தில் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி இருந்தால் அதில் இந்த விஷயத்தை எடுத்துப் பேசுங்கள்.

2. புதுக் கோணி வாங்குங்கள். பழைய கோணியில் கோதுமை வந்திருக்கலாம். கோணி ஒன்றில் மிச்சம் பிடிக்கும் சில ரூபாய் முழு மூட்டையையும் கெடுத்துவிடும்.

3. ஊர் மில்காரருடன் பேசி ஒரு கல்லைச் சிறுதானியத்துக்கென்றே ஒதுக்கச் செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் சிறுதானியம் என்ற ஏற்பாடு போதாது. முந்தின நாள் கோதுமை கல்லில் இருக்கும். சல்லடை, தொட்டி, துணிக் குழாய், துடைப்பம் எல்லாம் தனியாக இருக்க வேண்டும்.

4. அரைக்க வருபவர் கையில் காலைச் சப்பாத்தி மாவு ஒட்டியிருக்கக் கூடாது. சிரிப்பாகத் தோன்றினாலும் மேலே சொன்ன 0.2 கிராம் கணக்கை நினைவில் வையுங்கள்.

5. ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதியில், யாருடைய தானியம், எத்தனை கிலோ அரைத்தது என்று எழுதி வையுங்கள். பையின் மேல் அரைத்த தேதியைப் போடுங்கள்.

6. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யுங்கள். முதல் அரவையிலேயே மாதிரி எடுத்து அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். சான்று வரும்வரை கேழ்வரகு மாவு, சாமை மாவு என்று மட்டும் எழுதி விற்கலாம். வாங்குபவர் சீலியாக் நோயாளி என்றால், இன்னும் சோதனை ஆகவில்லை என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

7. முதல் வருஷம் வீட்டுத் தேவைக்கும் ஊர் விற்பனைக்கும் போக மிஞ்சியதை மட்டும் இதில் போடுங்கள். வாடிக்கை நிலைத்த பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

பட்டணத்து வாடிக்கைக்காரர் தரத்தைக் கேட்கிறார் என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். நியாயம்தான், அவர் பல வேளைகளில் ஆகாத விஷயங்களுக்கெல்லாம் தரம் கேட்பார். ஆனால் பிள்ளையின் குடலுக்காகத் தரம் கேட்கும் தாயின் கேள்வி வேறு. அதற்கு ஆமாம் என்று நெஞ்சறிந்து பதில் சொல்லக்கூடியவர் பல மாநிலங்களில் இல்லை. காட்டில் கோதுமையே இல்லாத நம் விவசாயிக்கு அது முடியும். வேறு யாரோ நம் தானியத்தை வாங்கி, சுத்தமாக அரைத்து, நமக்குப் பதிலாக அந்த ஆமாமைச் சொல்லி விலை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வார்த்தையை நாமே சொல்வோம். அதற்கு முதல் படியாக, வரும் அறுவடைக்குள் உங்கள் ஊர் மில்லில் ஒரு கல்லை ஒதுக்கி வையுங்கள்.